ஏறும்போது வேடிக்கை, இறங்கும்போது காபி: சைஃபன் கருவிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கீழே ஒரு கண்ணாடிக் குண்டு, மேலே ஒரு கண்ணாடிக் கூஜா, நடுவே ஒரு குழாய், அடியில் ஒரு சின்னத் தீ. சற்று நேரத்தில் கீழே இருக்கும் தண்ணீர் தானாக மேலே ஏறி நிற்கும். தீயை எடுத்தால் காபியாக மாறிக் கீழே இறங்கும். சைஃபன் என்றும் வேக்யூம் காபி மேக்கர் என்றும் சொல்லப்படும் இந்தக் கருவியை வேடிக்கைக்காகவே வாங்கியவர்கள் நிறைய. நானும் அப்படித்தான் வாங்கினேன். இரண்டு மாதம் வந்தவர்களுக்கெல்லாம் காட்டிவிட்டு, காபி சுமாராகத்தான் இருக்கிறது என்று பெட்டிக்குள் திருப்பி வைத்தேன்.

இரண்டாம் முறை வெளியே எடுத்தபோதுதான் தப்பு எங்கே என்று தெரிந்தது. நான் தண்ணீர் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவையின் பெரும்பங்கு முடிவாவது காபி இறங்கும்போது. எப்போது இறக்குகிறோம், எவ்வளவு வேகமாக இறங்குகிறது, எதன் வழியாக இறங்குகிறது என்ற மூன்றையும் கவனித்தால் இதே கருவி வேறு காபி தரும்.

உள்ளே நடப்பது என்ன

கீழ்க்குடுவையில் தண்ணீர் சூடாகும்போது அதன் மேலே இருக்கும் காற்று விரிகிறது, நீராவியும் சேர்ந்துகொள்கிறது. மேல்பாகத்தை ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பொருத்தியிருப்பதால் இரண்டும் வெளியேற வழியில்லை. குழாயின் முனை தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறது. எனவே அழுத்தம் தண்ணீரைக் குழாய் வழியாக மேலே தள்ளுகிறது. இதற்குப் பிரமாதமான அழுத்தம் ஒன்றும் வேண்டாம். தண்ணீர் ஏற வேண்டிய உயரம் சுமார் 15 முதல் 20 சென்டிமீட்டர்தான்; வளிமண்டல அழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தால் போதும். தண்ணீர் முழுதாகக் கொதிக்கும் முன்பே ஏறத் தொடங்கிவிடுவது அதனால்தான்.

குழாயின் முனை குடுவையின் அடியைத் தொடுவதில்லை. ஆகவே கொஞ்சம் தண்ணீர் கீழேயே தங்கிவிடும். இது வீண் என்று நினைக்க வேண்டாம். அது தொடர்ந்து ஆவியாகி, மேலே ஏறிய தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கிறது. குழாய் வழியாகக் குமிழ் குமிழாக வந்து அதைச் சூடாகவும் வைத்திருக்கிறது. பார்ப்பதற்கு மேலே தண்ணீர் தளதளவென்று கொதிப்பதுபோல் தெரியும், ஆனால் அது கொதி அல்ல. தீயை அளவாக வைத்தால் மேலே 88 முதல் 94 டிகிரி செல்சியஸுக்குள் நிற்கும். காபித்தூள் ஊறுவதற்கு ஏற்ற வெப்பம் ஏறக்குறைய அதுதான்.

தீயை எடுத்ததும் கீழே இருக்கும் ஆவி குளிர்ந்து நீராகிறது. கொதிநிலையில் ஆவி, தான் பிறந்த தண்ணீரைவிட 1600 மடங்குக்கும் அதிகமான இடத்தைப் பிடித்திருக்கும். அது திடீரென்று சுருங்கினால் கீழே அழுத்தம் சட்டென்று குறைந்துவிடும். உடனே வெளிக்காற்று மேலிருந்து காபியை வடிகட்டி வழியாகக் கீழே அமுக்குகிறது. உறிஞ்சுவதுபோல் தோன்றினாலும் உண்மையில் இது தள்ளுவதுதான். கருவியின் பெயரில் உள்ள வெற்றிடம் இந்தப் பாதி வெற்றிடம்.

தூள் முழுதும் தண்ணீரில் ஊறுகிறது, ஊறும் நேரமெல்லாம் வெப்பம் குறையாமல் நிற்கிறது, கடைசியில் அழுத்தத்தோடு வேகமாக வடிகிறது. இந்த மூன்றும் ஒரே கருவியில் சேர்வது அரிது. நன்றாக அமைந்த சைஃபன் காபி தெளிவாக, கிட்டத்தட்ட தேநீர்போலத் தெரியும். வாயில் வைத்தால் கனம் இருக்கும்.

பழைய கருவிகள், அவற்றின் கதை

1830களில் பெர்லினில் லோஃப் என்பவர் இந்த முறையில் ஒரு கருவி செய்ததாக வரலாற்றில் சொல்லப்படுகிறது. ஆனால் மேசை மேல் வைத்துப் பார்த்து ரசிக்கும் பொருளாக அதை மாற்றியது பிரான்ஸ். லியோன் நகரத்து மேடம் வாஸியோ என்பவர் 1840களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற வடிவத்தில், உலோகத் தாங்கியில் இரண்டு கண்ணாடி உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். உச்சியில் ஒரு கிரீடம், கீழ் உருண்டையில் காபி பிடிக்க ஒரு குழாய்த் திருகு. சமையலறைக்குள் ஒளித்து வைக்க வேண்டிய வேலையை விருந்தாளிகள் முன்னால் கொண்டுவந்த கருவி அது.

அன்றைய கண்ணாடிக்குச் சூடு ஆகாது. தண்ணீர் வற்றியபின் தீ சற்று அதிகம் எரிந்தாலே வெடித்துவிடும். இதற்குக் கண்டுபிடித்த தீர்வுதான் தராசு சைஃபன். 1844இல் பிரான்சில் காபே என்பவர் பதிவு செய்த அமைப்பில் உலோகக் கொதிகலன் ஒருபுறம், கண்ணாடிப் பாத்திரம் மறுபுறம். கொதிகலனில் இருந்து தண்ணீர் கண்ணாடிக்குப் போனதும் கொதிகலன் எடை குறைந்து மேலே எழும். அது அழுத்திப் பிடித்திருந்த விளக்கின் மூடி விடுபட்டுத் தீயைத் தானே அணைத்துவிடும். மின்சாரமும் இல்லை, கடிகாரமும் இல்லை. தானாகவே நின்றுகொள்ளும் காபிக் கருவி அன்றே வந்துவிட்டது! இன்றும் தராசு சைஃபன்கள் புதிதாகச் செய்யப்படுகின்றன. அலங்காரத்துக்கு அதைவிட எடுப்பான கருவி கிடையாது. தினசரிப் பயன்பாட்டுக்கு என்று கேட்டால் வேண்டாம் என்பேன். கழுவுவதற்குள் பொறுமை போய்விடும்.

கண்ணாடி உடையும் சிக்கலை உண்மையில் தீர்த்தது சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடி. 1915இல் கார்னிங் நிறுவனத்தின் பைரெக்ஸ் சமையலறைப் பொருளாக வந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சேலம் நகரத்துச் சகோதரிகள் இருவர் தொடங்கிவைத்த சைலெக்ஸ் கருவி அந்தக் கண்ணாடியோடு வீடு வீடாகப் பரவியது. இங்கிலாந்தில் கோனா என்ற கருவி. பின்னாளில் ஆப்ரம் கேம்ஸ் என்ற வடிவமைப்பாளர் அதற்குக் கொடுத்த உருவம் இன்றும் பழசாகத் தெரியவில்லை. உடையாத கருவி வேண்டும் என்றவர்களுக்குப் பளபளக்கும் குரோம் பூச்சோடு சன்பீம் காபிமாஸ்டர் வந்தது. மின்சாரத்தில் இயங்கும், தண்ணீர் ஏறியதும் சூட்டைத் தானே குறைத்துக்கொள்ளும். உள்ளே நடப்பது எதுவும் தெரியாது என்பதுதான் குறை. ஆனால் காபி மட்டும் வேண்டும், வேடிக்கை வேண்டாம் என்றால் பழைய கருவிகளில் இதற்கு இணை குறைவு.

1958இல் டென்மார்க்கின் போடம் நிறுவனம் சாந்தோஸ் என்ற பெயரில் ஒரு சைஃபனைக் கொண்டுவந்தது. ஆனாலும் காலம் மாறிக்கொண்டிருந்தது. பட்டனைத் தட்டினால் காபி சொட்டும் மிஸ்டர் காபி போன்ற கருவிகள் 1972க்குப் பிறகு வீடுகளைப் பிடித்துக்கொண்டன. சைஃபன் அழியாமல் காத்தது ஜப்பான். 1921இல் ஆய்வகக் கண்ணாடி செய்வதற்காகத் தொடங்கப்பட்ட ஹாரியோ நிறுவனம் அங்கே சைஃபன் செய்யும் பெயராக மாறியது. கிஸ்ஸாதென் என்னும் பழைய பாணிக் காபிக்கடைகள் அதை விடாமல் பிடித்துக்கொண்டன. இன்றைய கருவிகளில் பலவும் அந்த மரபில் வந்தவையே.

பழையதை வாங்கும்போது

முதலில் கண்ணாடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். விளிம்பில் உள்ள சிறு சிதறலைவிடக் குடுவையின் அடியில் உள்ள நட்சத்திர வடிவ விரிசல் ஆபத்தானது. மயிரிழைதான் என்றாலும் அதைத் தீயில் வைக்கக் கூடாது, அலமாரியில் வைக்கலாம்.

அடுத்தது ரப்பர் வளையம். பழைய ரப்பர் பெரும்பாலும் கல்லாக இறுகியிருக்கும், அல்லது பிசுபிசுவென்று கரைந்திருக்கும். இறுகியதைக் கொதிநீரில் போட்டால் கொஞ்சம் இளகும், ஆனால் அந்த இளக்கம் நிலைக்காது. மாற்று வளையம் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டே கருவியை வாங்குங்கள். வளையம் கிடைக்காத கருவி சிலைதான்.

மூன்றாவது, வடிகட்டி. பழையவற்றில் துணி, பீங்கான் வட்டு, உலோகச் சல்லடை, கண்ணாடித் தண்டு என்று பலவகை உண்டு. கண்ணாடித் தண்டு எளிமையானது: சொரசொரப்பான ஒரு கண்ணாடி முனை குழாயின் வாயில் உட்கார்ந்துகொள்ளும், இடுக்கு வழியாகக் காபி மட்டும் இறங்கும். கோரி என்ற அமெரிக்க நிறுவனத்தின் தண்டு வேறு பல கருவிகளுக்கும் பொருந்தும் என்பதால் சேகரிப்பாளர்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள். தூளில் மாவுபோன்ற பொடி அதிகம் இருந்தால் இந்தத் தண்டு அடைத்துக்கொள்ளும், அல்லது கோப்பையில் வண்டல் விடும். துணி வாசனையே ஆகாது என்பவர்களுக்கு இதுதான் சரி.

மின்சாரக் கருவி என்றால் பழைய வயரை அப்படியே சொருகிப் பார்க்காதீர்கள். தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றிய பிறகுதான் மற்றதெல்லாம். அடுப்புக்கும் குடுவைக்கும் நடுவே வைக்கும் பழைய கம்பி வலையில் வெள்ளை வட்டம் இருந்தால் அது நுரையீரலைக் கெடுக்கும் கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், தொடாமல் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். உலோகக் கலனின் உட்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தால், அதில் காபி போடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

புதியதை வாங்கும்போது

அளவுதான் முதல் கேள்வி. பெட்டியில் எழுதியிருக்கும் கப் கணக்கை நம்பாதீர்கள், அவர்களுடைய ஒரு கப் 120 மில்லிதான். மூன்று கப் என்றால் 360 மில்லி. சாதாரணக் குவளையில் இரண்டு பேருக்குக்கூடத் தாராளமாக வராது. அதற்காகப் பெரியதை வாங்கிப் பாதி நிரப்பலாம் என்றும் நினைக்க வேண்டாம். கீழே தங்கும் தண்ணீரின் அளவு மாறாது. மொத்தம் குறையக் குறைய அதன் பங்கு கூடி, காபி நீர்த்துவிடும். எத்தனை பேர் குடிப்பீர்களோ அந்த அளவே வாங்குங்கள்.

அடுப்பில் நேராக வைப்பது, தனி விளக்கோடு வருவது, மின்சாரத்தில் இயங்குவது என்று மூன்று வகை. விளக்கு வகையோடு பெரும்பாலும் ஸ்பிரிட் திரி விளக்கு ஒன்று தருவார்கள். அது மெதுவாகச் சூடேற்றும், தீயைக் கூட்டிக் குறைக்கவும் சிரமம். ஒரு சின்ன பியூட்டேன் அடுப்பு வாங்கிக்கொண்டால் வேலை பாதியாகிவிடும். காபிக்கடைகளில் குடுவைக்கு அடியில் செக்கச்செவேலென்று ஒளிரும் ஹாலஜன் விளக்கு அழகுதான், வீட்டுக்குத் தேவையில்லை.

காபி போடும் முறை

கீழே உள்ள அளவு 360 மில்லிக் கருவிக்கு. தண்ணீர் 300 மில்லி, காபித்தூள் 20 கிராம். அரவை, சாதாரணமாகக் காகித வடிகட்டியில் ஊற்றுவதற்கு அரைப்பதைவிடச் சற்று நைசாக. மெல்லிய மணல்போல இருக்கட்டும். மாவாகிவிடக் கூடாது. அரைத்து வைத்துவிட்டு மற்ற வேலை பார்க்காமல், தண்ணீர் ஏறும் நேரத்தில் அரைத்தால் நல்லது.

1. துணி வடிகட்டி புதிது என்றால் முதலில் சில நிமிடம் தண்ணீரில் கொதிக்க விடுங்கள். பழையது என்றால் வெந்நீரில் அலசிப் பிழியுங்கள். அதை மேல்பாகத்தின் நடுவில் வைத்து, சங்கிலியைக் குழாய் வழியாக இறக்கி, முனையில் உள்ள கொக்கியை இழுத்துக் குழாயின் விளிம்பில் மாட்டுங்கள். வடிகட்டி நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். ஒருபக்கம் சாய்ந்திருந்தால் அந்த இடைவெளி வழியாகத் தூள் அத்தனையும் கீழே வந்துவிடும்.

2. கெட்டிலில் காய்ச்சிய வெந்நீரையே கீழ்க்குடுவையில் ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீரில் தொடங்கினால் விளக்கு பத்து நிமிடத்துக்கு மேல்கூட எரிய வேண்டிவரும். ஊற்றியதும் குடுவையின் வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். அடியில் ஒட்டிய ஒரு சொட்டு ஈரம் தீ பட்டதும் கண்ணாடியைக் கீறிவிடக்கூடும். தண்ணீர் இல்லாத குடுவையை ஒருபோதும் தீயில் காட்டக் கூடாது.

3. தீயைப் பற்றவைத்து, மேல்பாகத்தைச் சாய்வாக, அழுத்தாமல் வைத்திருங்கள். சங்கிலி தண்ணீருக்குள் தொங்கட்டும். அதன் முனையில் உள்ள மணிகள் அலங்காரம் அல்ல. அங்கிருந்து குமிழ்கள் எழும்புவதால் தண்ணீர் அடங்கியே இருந்து திடீரென்று பொங்குவது தடுக்கப்படுகிறது. மணிகளில் இருந்து குமிழ்கள் சரம்சரமாக வரத் தொடங்கியதும் மேல்பாகத்தை நிமிர்த்தி, லேசாகத் திருகி அழுத்துங்கள். தண்ணீர் ஏறத் தொடங்கும்.

4. ஏறி முடிந்ததும் தீயைக் குறையுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தவறவிடும் படி இதுதான். முழுத் தீயில் விட்டால் மேலே தண்ணீர் குதித்து ஆடும், வெப்பமும் ஏறிக்கொண்டே போகும். குமிழ்கள் சிறியதாக, சீராக வரும் அளவுக்குத் தீ இருக்கட்டும். ரொம்பவும் குறைத்தால் தண்ணீர் பாதியிலேயே கீழே இறங்கிவிடும். அந்த எல்லை எது என்று உங்கள் அடுப்பில் ஒருமுறை தூள் போடாமல் வெறும் தண்ணீரில் பழகிப் பாருங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் முதல் சில நாளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். 91, 92 டிகிரி வந்தால் போதும். அப்புறம் குமிழைப் பார்த்தே சொல்லிவிடுவீர்கள்.

5. தூளைப் போட்டு, உடனே நேரம் குறிக்கத் தொடங்குங்கள். தூள் மேலே மெத்தைபோல மிதக்கும். மூங்கில் அல்லது மரத் துடுப்பால் அதைத் தண்ணீருக்குள் அமிழ்த்துவதுபோல முன்னும் பின்னும் தள்ளுங்கள். உலர்ந்த கட்டி எதுவும் இல்லாமல் எல்லாம் நனைந்ததும் கையை எடுத்துவிடுங்கள். போட்டுக் கடைந்தால் கசக்கும், துவர்க்கும்.

6. இனி காத்திருப்பு. இளம் வறுவல் என்றால் 70 முதல் 80 விநாடி, நடுத்தரம் என்றால் ஒரு நிமிடம், கருவறுவல் என்றால் 45 விநாடி. மேலே நுரை, நடுவில் தூள், அடியில் தெளிந்த நீர் என்று அடுக்கு பிரிவது கண்ணாடியில் தெரியும்.

7. நேரம் வந்ததும் தீயை எடுத்துவிட்டு, ஒரே திசையில் மூன்று நான்கு சுற்று கலக்கிவிடுங்கள். இந்தச் சுழற்சி தூளை நடுவில் குவித்துக்கொண்டு வரும். அதன்பிறகு கை வைக்காதீர்கள். சில விநாடி ஒன்றும் நடக்காது, பிறகு காபி சரசரவென்று இறங்கும். 30 முதல் 45 விநாடியில் இறங்கி முடிந்தால் அரவை சரி. கடைசியில் காற்று உள்ளே இழுக்கப்பட்டு, கீழ்க்குடுவையில் பொன்னிற நுரை புரளும்.

மேலே எஞ்சிய சக்கை சின்னக் குன்றுபோலக் குவிந்திருந்தால் நன்றாகக் கலக்கியிருக்கிறீர்கள். தட்டையாகவோ ஒருபக்கம் சரிந்தோ இருந்தால் அடுத்தமுறை கடைசிச் சுழற்சியைச் சீராக்குங்கள். நான் கோப்பையைச் சுவைப்பதற்கு முன்பே இந்தக் குன்றைப் பார்த்துவிடுவேன், பெரும்பாலும் அதிலேயே பதில் தெரிந்துவிடும்.

மேல்பாகத்தை லேசாக முன்னும் பின்னும் அசைத்துக் கழற்றுங்கள், நேராக இழுக்காதீர்கள். காபி மிகச் சூடாக இருக்கும். நான்கைந்து நிமிடம் பொறுத்தால்தான் சுவை திறக்கும்.

தப்பு நடக்கும் இடங்கள்

தண்ணீர் ஏறவே இல்லை என்றால் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை. ஆவி எங்கோ கசிகிறது. அதே கசிவு இறக்கத்தையும் கெடுக்கும், ஏனென்றால் கீழே வெற்றிடம் உண்டாகாது.

இறங்கும்போது பாதியில் நின்றுவிட்டால் காரணம் பெரும்பாலும் நைசான அரவை, அல்லது எண்ணெய் ஏறி அடைத்த துணி. காபி அந்த நேரம் முழுதும் சக்கையில் ஊறிக்கொண்டிருப்பதால் கசந்துவிடும். அவசரத்துக்கு, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியைக் கீழ்க்குடுவையின் மேற்பகுதியில், தீ படாத தோளில் மட்டும் சுற்றலாம். ஒருமுறை பொறுமையிழந்து சொட்டச் சொட்டக் குளிர்ந்த துணியை அடியில் வைத்தேன். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், குடுவை போயிற்று.

காபி நீர்த்துத் தெரிந்தால் தூளை ஒன்றிரண்டு கிராம் கூட்டுங்கள். கீழே தங்கிய தண்ணீர் கடைசியில் காபியோடு கலப்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். புளிப்பு தூக்கலாக இருந்தால் பத்து விநாடி கூடுதலாக ஊறட்டும். ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அரவை, நேரம், தீ மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஸ்பிரிட் விளக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதன் தீ வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து எரியும் விளக்கில் ஸ்பிரிட் ஊற்றுவது பெரிய விபத்தில் முடியும். மூடியால் மூடி அணைத்து, நன்றாக ஆறிய பிறகே நிரப்ப வேண்டும்.

கழுவுவதும் துணியைப் பேணுவதும்

கண்ணாடி உடைவது அடுப்பில் குறைவு, கழுவும் தொட்டியில்தான் அதிகம். மேல்பாகத்தின் குழாய் நீளமானது. கொஞ்சம் திரும்பினால் குழாய்த் திருகில் இடித்துக்கொள்ளும். அடியில் ஒரு துணியை விரித்துக்கொண்டு, குழாயை ஒரு கையில் பிடித்தபடி கழுவுங்கள். சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீர் படக் கூடாது. சக்கை கொஞ்சம் ஆறியதும் மேல்பாகத்தைக் கவிழ்த்து, வாய் விளிம்பை உள்ளங்கையால் தட்டினால் பாளமாக விழுந்துவிடும்.

துணி வடிகட்டிக்குச் சோப்பு ஆகாது, அந்த வாசனை அடுத்த பத்துக் காபிக்கும் வரும். வெறும் வெந்நீரில் அலசி, தண்ணீர் நிரப்பிய மூடி போட்ட டப்பாவில் மூழ்கவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். துணியைக் காயவிட்டால் அதில் உள்ள காபி எண்ணெய் சிக்குப் பிடித்து நாறும். சில நாள் காபி போடமாட்டீர்கள் என்றால் பையில் போட்டு உறைய வையுங்கள். இதெல்லாம் ஆகாது என்றால் காகிதம் பொருத்தும் வடிகட்டி தனியாகக் கிடைக்கிறது. காபி இன்னும் தெளிவாக வரும், ஆனால் அந்தக் கனம் குறைந்துவிடும்.

துணியை மாற்ற இத்தனை நாள் என்று கணக்கு வைத்துக்கொள்வதைவிட இறங்கும் நேரத்தைப் பாருங்கள். அதே தூள், அதே அரவை, 40 விநாடியில் இறங்கிய காபி ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொண்டால் அன்றைக்கே புதுத் துணியைக் கட்டிவிடுங்கள்.